மரத்துக்கும் உண்டு சிறுவாடு!

சிறுவாடு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசிப் பானைக்குள், புடவை மடிப்புக்குள், சாமி படத்துக்குப் பின்னால் என்று பத்தும் இருபதுமாய்ச் சேர்த்து வைப்பது நம் கை வந்த கலை. எங்கள் காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து மீனவப் பெண்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிவது சிறுவாட்டாலும் கைமாற்றாலும்தான்.

அதே இரண்டு மாதம்தான் எங்கள் தெரு மரங்களுக்கும் கஷ்ட காலம். அவையும் சிறுவாட்டில்தான் காலம் தள்ளுகின்றன என்றால் நம்புவீர்களா? பள்ளியில் பல வருஷம் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவள் என்ற உரிமையில், சகோதரிகளே, இதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

காற்றில் கட்டிய வீடு

மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் உடம்பில் பெரும்பகுதி காற்றும் தண்ணீரும் தந்தது. இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கரியமில வாயு உள்ளே போகிறது. வேர் அனுப்பும் தண்ணீரோடு அதைச் சேர்த்து, வெயிலையே அடுப்பாக வைத்து, இலை சர்க்கரை சமைக்கிறது.

இந்தச் சர்க்கரையை மரம் எப்படிச் செலவு செய்கிறது தெரியுமா? நம் வீட்டு பட்ஜெட் மாதிரியேதான். ஒரு பங்கு அன்றாடச் செலவுக்கு. மரமும் இரவு பகலாக மூச்சு விட வேண்டுமே! ஒரு பங்கு மரக்கட்டையாகிறது. மிச்சத்தை மாவுச்சத்தாக்கி வேரிலும் தண்டிலும் கிளையிலும் ஒளித்து வைக்கிறது.

காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கரிச்சத்து. இதைச் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். நம் வீட்டு 14.2 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால், சுமார் 42 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்துகொள்வதால்தான் எடை கூடுகிறது. அவ்வளவு வாயுவையும் பிடித்து வைக்க ஒரு மரம் கிட்டத்தட்ட 23 கிலோ காய்ந்த கட்டை அளவுக்கு வளர்ந்தாக வேண்டும். எண்ணூர் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறங்கும் நிலக்கரியும் பழங்காலச் செடி கொடிகளின் சேமிப்புதான். நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பகுதி 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. அதைத்தான் நாம் சில தலைமுறையில் எரித்துத் தீர்க்கிறோம்.

ஆனால் ஒன்று. மரத்துக்குப் பசி வந்தால் இந்தக் கட்டை உதவாது. அது வீட்டுச் சுவர் மாதிரி. செங்கல்லைப் பெயர்த்துத் தின்ன முடியுமா? ஒளித்து வைத்த மாவுச்சத்துதான் அதன் அரிசிப் பானைக் காசு.

கத்திரி வெயிலில் நடப்பது

மண்ணில் ஈரம் குறைந்ததும் மரம் இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. திறந்து வைத்தால் இருக்கிற தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் கரியமில வாயு வருவதும் அதே வாசல் வழியாகத்தானே? வாசலை மூடினால் சமையலும் நின்று விடுகிறது. அன்றாடச் செலவு மட்டும் நிற்பதில்லை. அப்போதுதான் மாவுச்சத்து சர்க்கரையாகி வெளியே வருகிறது.

அந்தச் சர்க்கரை பசியை மட்டும் ஆற்றுவதில்லை. நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டால் உப்பு தண்ணீரை இழுக்கிறது அல்லவா? அதே போல, மரத்தின் உயிரணுக்களுக்குள் சர்க்கரை கூடினால் அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆக, சேமிப்பு உள்ள மரம் தாகத்தையும் கொஞ்சம் தாங்கும்.

வறட்சி முற்றினால், வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏறும் நுண்குழாய்களில் காற்றுக் குமிழி புகுந்து விடும். மோட்டாரில் காற்று அடைத்தால் தண்ணீர் ஏறாது பாருங்கள், அதே கதை. குழாய் அடைத்துப் போய், சேமிப்பும் கரைந்தால் மரம் பட்டுப் போகிறது.

"இன்னா டீச்சரம்மா, பட்டுப்பூட்ச்சா?"

எங்கள் தெரு முனையில் ஒரு வேப்ப மரம். மீன் விற்கும் பெண்கள் கூடையை இறக்கி வைப்பதும், தாய்மார்கள் கைக்குழந்தையோடு காற்று வாங்குவதும் அதன் நிழலில்தான். 2019-ல் மாசி மாதம் அது ஏறக்குறைய மொட்டையாக நின்றது. எதிர்வீட்டு அம்மா வந்து, "இன்னா டீச்சரம்மா, மரம் பட்டுப்பூட்ச்சா? ஒரு எல கூட காணோமே. வெட்டிப் போட்டா அடுப்புக்காவது ஆவும்" என்றாள்.

"இரும்மா, அவசரப்படாதே" என்று சொல்லி, ஒரு சின்னக் கிளையில் நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினேன். பட்டைக்கு அடியில் பச்சையாக இருந்தது. வேம்பு இலையை உதிர்ப்பது செலவைக் குறைக்கத்தான். பங்குனியில், ஒரு பொட்டு மழை இல்லாமலே, செக்கச் செவேலென்று தளிர் விட்டது. சித்திரைப் பச்சடிக்குப் பூவும் தந்தது. இலையே இல்லாத மரத்துக்குத் தளிர் விட ஏது முதல்? எல்லாம் சிறுவாடுதான்!

எல்லா மரமும் இப்படி இல்லை. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் தல விருட்சமான மகிழம், தடித்த இலையோடு வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும். எண்ணூர் கழிமுகத்தின் கண்டல் மரங்களோ நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றும் தாகத்தில் வாழ்பவை. அது உப்புத் தண்ணீராயிற்றே! அவற்றின் உதிர்ந்த இலையும் வேரும் காற்றில்லாத சேற்றில் மட்காமல் தங்கி விடுவதால், கரிச்சத்தில் பெரும்பங்கு மண்ணுக்குள் சேர்கிறது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அந்தக் கழிமுகத்தில் படிந்தபோது, கண்டலின் மூச்சு வேர்களிலும் அப்பிக்கொண்டது.

அடி மேல் அடி

ஒரு கஷ்டத்தைச் சிறுவாடு சமாளிக்கும். அடுத்தடுத்து வந்தால்? 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைச் சூறையாடியது. தப்பிய மரங்களும் இலையை இழந்தன. சேமிப்பை எடுத்துத்தான் மறுபடி தளிர்த்தன. ஆனால் அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. எங்கள் தெருவில் புயலுக்குப் பின் மூன்று மரங்கள் தளிர்த்தன. அடுத்த ஆடிக்குள் ஒன்று பட்டுப் போனது. அடிமரம் வரை சிமெண்டு பூசி, ஒரு சொட்டு நீர் இறங்க வழியில்லாமல் நின்ற மரம் அது. 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மழை வந்து விட்டால் மரம் உடனே தேறி விடும் என்றும் நினைக்கக் கூடாது. உலகின் பல காடுகளில் மர வளையங்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கடும் வறட்சிக்குப் பின் மரம் பழையபடி வளர சராசரியாக 2 முதல் 4 ஆண்டுகள் ஆகின்றன என்கிறது. பிரசவித்த பெண்ணுக்கு உடம்பு தேற நாளாவது போலத்தான். பார்வைக்குப் பச்சையாக இருக்கும்; உள்ளே பானை காலி. அப்போது கிளையை வெட்டினால் வருமானமும் போச்சு. மரம் பட்டுப் போனாலோ, எரித்தாலும் மட்கினாலும் கட்டையில் இருந்த கரிச்சத்தும் காற்றுக்கே திரும்பி விடுகிறது.

நாம் செய்யக் கூடியவை

* மாசி முதல் ஆனி வரை பச்சைக் கிளையை வெட்ட வேண்டாம். மின்கம்பியில் உரசும் கிளையை மட்டும் உரியவர்களைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

* அடிமரத்தைச் சுற்றி மூன்று நான்கு அடியாவது மண் தெரியட்டும். தெருவில் சிமெண்டு போட வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி விடுங்கள்.

* அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரைச் சேர்த்து ஊற்றலாம். சோப்புத் தண்ணீரும், உப்பு மீன் கழுவிய தண்ணீரும் கூடாது.

* தினம் ஒரு செம்பு ஊற்றுவதை விட, வாரம் ஒரு நாள் மாலையில் இரண்டு மூன்று வாளி நிதானமாக ஊற்றுவது நல்லது. அடிமரத்தில் வேண்டாம், சற்றுத் தள்ளி ஊற்றுங்கள்.

* உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் அடியிலேயே பரப்புங்கள். ஈரம் தங்கும். புகையால் பிள்ளைகளுக்கு இருமலும் வராது.

* புதிதாக நடுவதென்றால் ஐப்பசி மழையோடு நடுங்கள். கடற்காற்றுக்குப் பூவரசு, புன்னை, வேம்பு, புங்கம் தாங்கும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் "போர் அடிக்குதும்மா" என்று வந்தால், ஒரு உருளைக்கிழங்கை வெட்டி, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாக மாறும். (அந்தத் துண்டை எறிந்து விடுங்கள், சமையலில் சேர்க்கக் கூடாது.) மரத்தின் சேமிப்பைப் பார்க்க விஞ்ஞானிகளும் மெல்லிய மரத்துண்டில் இதே அயோடினைத்தான் தடவுகிறார்கள். காட்டிய கையோடு, வாசல் மரத்துக்கு வாரம் ஒரு நாள் தண்ணீர் விடும் பொறுப்பையும் அவர்களிடம் கொடுத்து விடுங்கள்.