பாதுகாப்பை நீக்குமுன் யாரைக் கேட்பது?

ஜும்ஆ முடிந்து பள்ளித் திண்ணையில் இருந்தபோது நம்பிக்கையாளர் சபையிலுள்ள நானா ஒருவர் கேட்டார்: "தம்பி, பழைய மையவாடி ஒண்ட தொல்பொருள் சின்னம் எண்டு அறிவிக்கிறாங்க. பிறகு ஒருநாள் 'அது சின்னமில்ல' எண்டும் சொல்லலாமா? யாரக் கேட்டுச் சொல்லுவாங்க?"

சொல்லலாம். யாரைக் கேட்பது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

இந்தியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஓர் இடத்தைத் தேசிய முக்கியத்துவமுடையதாக அறிவிப்பதற்கு 4ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவித்தல் வேண்டும். அதன் பிரதியை இடத்தருகே கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். வரும் ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும். நீக்குவதற்கான 35ஆம் பிரிவோ மிகச் சிறியது. முக்கியத்துவம் இல்லாமற் போய்விட்டதென்று மத்திய அரசு கருதினால் வர்த்தமானியில் அறிவித்தால் போதும். முன்னறிவித்தலோ நிபுணர் குழுவின் ஆலோசனையோ அந்தப் பிரிவில் கேட்கப்படவில்லை. எனக்கு இது தலைகீழாகத்தான் படுகிறது. பிழையாகச் சேர்த்ததைப் பிறகு நீக்கலாம். பிழையாக நீக்கி, கட்டடமும் இடிபட்டுவிட்டால் எதைத் திரும்பச் சேர்ப்பது?

2024 மார்ச்சில் 18 சின்னங்களை நீக்கும் அறிவித்தல் வந்தது. ஹரியானாவின் முஜேசரிலிருந்த கோஸ் மினார், அதாவது பழைய பெருவீதியில் தூரம் காட்டிய தூண், அதிலொன்று. டில்லியின் பாரகம்பா மையவாடி இன்னொன்று. நகரம் வளர்ந்து, இவை இருந்த இடமே தெரியாமற் போய்விட்டதாம். அப்போது ஆட்சேபம் சொல்ல மக்களுக்கு இரண்டு மாதம் விட்டார்கள். நல்லதுதான், ஆனால் 35ஆம் பிரிவு அப்படி விடச் சொல்லவில்லை. பாதுகாப்புப் போனால், சின்னத்தைச் சுற்றி 100 மீற்றருக்கு இருக்கும் கட்டடத் தடையும் போய்விடும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியலில் ஒரு சின்னத்தைச் சேர்த்தாலும், நீக்கினாலும், பதிவைத் திருத்தினாலும் அமைச்சர் முதலில் 'ஹிஸ்டோரிக் இங்கிலாந்து' என்ற ஆலோசனை அமைப்பைக் கேட்டாக வேண்டும். அது சொல்வதை ஏற்றே ஆக வேண்டுமென்பதில்லை. கேட்காமல் இருக்கத்தான் முடியாது. முடிவு எடுத்த பிறகு கேட்பதை அந்நாட்டு நீதிமன்றங்கள் கலந்தாலோசனையாக ஏற்பதுமில்லை. யோசனை உருவாகும்போதே கேட்க வேண்டும்.

"சரி, எங்கட நாட்டுல?" என்றார் நானா.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்காக ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டதை ஞாபகப்படுத்தினேன். பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் 11 பேர். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணம். நியமிக்கப்பட்டபோது அதில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. ஆலோசனைக் குழு இருந்தால் மட்டும் போதாது, அதில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கட மையவாடியப் பத்தி அவங்களுக்கு யாரு சொல்றது? எங்கட கையில ஒரு கடுதாசி இருக்கா?" என்றார்.

இல்லை. எந்தக் குழுவானாலும் ஆவணத்தைத்தான் கேட்கும். வருகிற சனிக்கிழமை மீசான் கற்களைப் படமெடுத்து, எழுத்துகளைப் பிரதியெடுக்கப் போகிறோம். அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவரும் வருகிறார்.