கொழும்பில் ஒரு மேசை, மலையில் ஒரு துரை

பழைய தெல்தெனியப் பட்டினம் இன்று நீருக்கடியில் கிடக்கிறது. 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற விக்டோரியா அணை, மகாவலியைத் தேக்கி அதனை மூடிவிட்டது. கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டடங்களின் இடிபாடுகள் தலைகாட்டுவதும், அவற்றைக் காண மக்கள் கூடுவதும் உண்டு. புகையிரதம் 1867இல் கண்டியை எட்டியது. தெல்தெனியவுக்கோ அது வந்ததேயில்லை. எனவே இம்மலைத் தோட்டங்களில் இருந்த துரைமாருக்கும் கொழும்பிலிருந்த கம்பெனிகளுக்கும் இடையே நிலவிய உறவெல்லாம், தப்பால் பையைச் சுமந்து மலையேறிய ஏழைத் தொழிலாளி ஒருவனின் கால்களையே நம்பியிருந்தது.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், தொலைவிலிருந்து பணிபுரிவோரோடு மேலாளர் இடையறாது பேசவேண்டும் என்பதை நிர்வாக நூலார் புதுக்கண்டுபிடிப்புப் போல எடுத்துரைக்கின்றனர். மலைநாட்டுக்கு இது பழங்கதை.

தெல்தெனியவுக்குத் தெற்கே, மகாவலிக்கு அப்பால், ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ளது லூல்கந்துரத் தோட்டம். பதினேழு வயதுகூட நிரம்பாத ஸ்கொத்லாந்து இளைஞர் ஜேம்ஸ் டெயிலர் 1852இல் இலங்கைக்கு வந்து அங்குப் பணியேற்றார். அக்காலத்து உரிமையாளர்களாகிய ஹாரிசன், லீக் என்போர் அவரது ஆற்றலை அறிந்திருந்தனர். அசாம் தேயிலை விதைகளை வருவித்து, பயிரிட்டுப் பார்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தனர். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நடப்பட்டது. பங்களாவின் விறாந்தையே முதற் தொழிற்சாலையாயிற்று. மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டினர். மலைமேல் தனித்திருந்த ஒருவரை மதித்து நம்பியதன் பயனை இந்நாடு இன்றளவும் நுகர்கின்றதன்றோ?

ஆயின் காலம் மாறிற்று. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் தனியார் கையிலிருந்து கம்பெனிகளின் கைக்குச் சென்றன. கம்பெனிக்கு முகமில்லை, கணக்கேடு உண்டு. ஆண்டில் ஓரிருமுறை 'விசிட்டிங் ஏஜண்ட்' என்னும் மேற்பார்வைத் துரை வந்து, சுற்றிப்பார்த்து, அறிக்கை எழுதிச் செல்வார். வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். கம்பெனிகள் இவற்றுள் இரண்டாவதை மட்டும் கற்றன போலும்!

1892இல் லூல்கந்துரவை வைத்திருந்த கம்பெனி, நாற்பது ஆண்டுகள் உழைத்த டெயிலரை விடுப்பில் செல்லுமாறு பணித்தது. அந்நாற்பது ஆண்டுகளில் அவர் விடுமுறை கொண்டு தீவை விட்டகன்றது ஒரே ஒருமுறை. 1874இல் டார்ஜிலிங் சென்றார், அங்கும் தேயிலையைக் காணவே. அவர் மறுத்தார், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வாண்டு மே மாதம் 2ஆம் நாள் வயிற்றுளைச்சல் நோயால் லூல்கந்துரவிலேயே மாண்டார். அவரைச் 'சாமித்துரை' என்றழைத்த தொழிலாளர் 24 பேர், இரு பிரிவாக முறைமாற்றி, அவருடலைக் கண்டி மஹியாவ மயானம்வரை சுமந்து சென்றனர் என்பர். நாள்தோறும் முகம் பார்த்தவர்கள் தோள் கொடுத்தார்கள்.

இதனால் தோட்டத்துக்குள் எல்லாம் செம்மையாக இருந்ததென்று எண்ணிவிடலாகாது. துரைக்கும் தொழிலாளருக்கும் இடையே தொடர்பு நாள் தவறாது நடந்தது. வைகறைப் பிரட்டுக்களமே அதற்குச் சான்று. தப்பு முழங்கும், பெயர் வாசிக்கப்படும், அன்றைய வேலை பிரித்தளிக்கப்படும். ஒழுங்கில் குறைவில்லை. ஆனால் அங்கு ஒலித்த பேச்சு எத்தகையது? புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு கைந்நூல் அச்சிட்டனர். அதன் பெயர் 'இங்கே வா'. நூலின் தலைப்பே ஏவல் வினை! 'உனக்கு என்ன குறை?' என்னும் வினாவைத் தலைப்பாக்க எவருக்கும் தோன்றவில்லை. குறையைக் கேட்பது கங்காணியின் பொறுப்பாயிற்று. கங்காணியே குறையானபோது, கேட்பார் யார்? பேசிய நாட்களின் எண்ணிக்கையைவிட, எதிர்முனையில் இருப்பவன் வாய்திறக்க இடமிருந்ததா என்பதையே யான் பெரிதாகக் கருதுவேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு இஃது அயலார் கதையன்று. தும்பறை மலைகளில், பேருந்து அரிதாகச் செல்லும் ஊரொன்றின் சிறு பாடசாலையில் பணிபுரியும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். முன்னர் சுற்றறிக்கை அவரை அடையச் சில நாட்கள் சென்றன. இப்பொழுது கைப்பேசியில் நொடிப்பொழுதில் வந்து விழுகிறது. படிவம் நிரப்புக, புள்ளிவிவரம் அனுப்புக, நாளை காலைக்குள் தருக. அவர் ஒழுங்காக அனுப்புகிறார். கூரை ஒழுகுவதையும், கணித ஆசிரியர் இல்லாததையும் எழுதுவதற்கு அப்படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. மாதத்தில் ஒருநாள், படிவமெதுவும் கேளாமல், 'அங்கே எப்படி இருக்கிறது?' என்று அதே கைப்பேசியில் அழைத்துக் கேட்கும் கல்விப் பணிப்பாளர் எவரேனும் இருப்பின், அவ்வலயத்து ஆசிரியர்கள் அவர் பெயரை நன்கு அறிந்திருப்பார்கள்.