அந்த 'டம் டம்' சத்தத்துக்குள் என்ன இருக்கிறது?

நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் மேல்நாட்டு நடன இசையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "எல்லாம் மெஷின் வாசிக்கிறது, இதில் உயிர் எங்கே?" நியாயமான கேள்வி. பதில் தேட, இங்கிலாந்தின் 'நியூ ஆர்டர்' குழு 1989 ஜனவரியில் வெளியிட்ட 'டெக்னிக்' என்ற ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம்.

இந்தக் குழுவின் கதை ஒரு சாவில் தொடங்குகிறது. மான்செஸ்டர் நகரில் 'ஜாய் டிவிஷன்' என்ற பெயரில் கிட்டாரும் டிரம்ஸுமாக இருண்ட, கனத்த பாடல்களைப் பாடி வந்தவர்கள் இவர்கள். 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப இருந்த தறுவாயில், பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. எஞ்சிய பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக், ஸ்டீபன் மோரிஸ் மூவரும் பழைய பெயரை விட்டுவிட்டார்கள். கிலியன் கில்பர்ட் கீபோர்டு வாசிக்க வந்து சேர்ந்தார். மூவரும் பாடிப் பார்த்து, கடைசியில் அந்தப் பொறுப்பு சம்னர் தலையில் விழுந்தது. தேர்ந்த குரல் அல்ல. பக்கத்து வீட்டுப் பையன் பாடுவது போலிருக்கும்.

அந்த இடைவெளியில்தான் மெஷின்கள் நுழைந்தன. 'சீக்வென்சர்' என்பது ஒருமுறை சொல்லிக் கொடுத்த சுரவரிசையைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி. தாளத்துக்கு அதே வேலையை டிரம் மெஷின் செய்யும். நம் கச்சேரி மேடையின் மின்சாரச் சுருதிப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது அசையாமல் நிற்பதால்தானே பாடகர் தைரியமாக அலைகிறார்! 1983இல் வந்த 'ப்ளூ மண்டே' இப்படிப் பிறந்து, விற்பனையில் சாதனை படைத்தது.

பிறகு 'ஆசிட் ஹவுஸ்' அலை. பேஸ் கிட்டாருக்குப் பதிலாக ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி '303' என்ற சிறு கருவியைச் செய்து பார்த்தது. விலை போகவில்லை. பழைய சாமான் கடைக்குப் போனதை சிகாகோ இளைஞர்கள் வாங்கி, குமிழ்களைத் திருகி, நெளியும் ஓர் ஒலியைக் கறந்தார்கள். (இதே கருவியில் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இலேயே பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அன்று யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோது உலகம் வியந்தது.)

1988 கோடையில் நியூ ஆர்டர் பதிவுக்காக ஸ்பெயினின் இபிசா தீவுக்குப் போனார்கள். ஸ்டுடியோவில் இருந்ததை விட இரவு கிளப்புகளில் இருந்த நேரமே அதிகம். கையில் கொஞ்சமே சரக்கோடு ஊர் திரும்பி, பீட்டர் கேப்ரியலின் 'ரியல் வேர்ல்ட்' ஸ்டுடியோவில் வேலையை முடித்தார்கள். ஆனால் அந்தத் தீவின் வெயில் இசையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 'ஃபைன் டைம்' முழுக்க ஆட்டம்தான்; முடிவில் ஆடு கூடக் கத்துகிறது! 'ஆல் தி வே' போன்றவை கிட்டார் பாட்டுகள். ஒன்பது பாடல்களில் இரண்டு வகையும் கலந்து வர, இங்கிலாந்தில் ஆல்பம் முதலிடம் பிடித்தது. என் கணக்கில் இதற்கு இணையாக அவர்கள் பிறகு எதுவும் செய்யவில்லை.

கொண்டாட்டத்துக்கு விலையும் இருந்தது. ஊரில் இந்தக் குழுவின் பணத்தையும் போட்டு 1982இல் திறக்கப்பட்ட 'ஹாசியெண்டா' கிளப் வருமானத்தை விழுங்கிக்கொண்டே இருந்தது. 'எக்ஸ்டசி' மாத்திரை போட்டவர்கள் தண்ணீர் குடித்து ஆடினார்கள், மது விற்கவில்லை. 1989 கோடையில் அங்கே அந்த மாத்திரையை விழுங்கிய 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்து போனாள். 1997இல் கிளப் மூடப்பட்டது. பின்னர் கட்டடத்தை இடித்து, அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள்.

இந்த ஆல்பத்தின் சொற்களைக் கவனித்தால் பெரும்பாலும் பிரிவும் மனக்கசப்பும்தான். காலுக்குக் கொண்டாட்டம், காதுக்குத் துக்கம். பிள்ளைகளிடம் சொல்லி 'வானிஷிங் பாயிண்ட்' பாட்டைப் போடச் சொல்லுங்கள். முதல் நிமிடம் மெஷினைப் பொறுத்துக்கொண்டு, பிறகு அதைப் பொருட்படுத்தாமல் அந்தத் தேர்ச்சியில்லாத குரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.