வாக்களிக்கும் வயது: 16 ஆகக் குறைக்க வேண்டுமா?



கடந்த தேர்தல் நாளன்று ஒரு தாய் தம் மகளுடன் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறார். "ஆதார் இருக்கு, வயசும் ஆயிடுச்சு. லிஸ்ட்ல பேரு இல்லைன்னு பூத்ல திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். விசாரித்தபோது, பெயர் சேர்க்க அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்று தெரிந்தது. 18 வயது முடிந்தால் பெயர் தானாக ஏறிவிடும் என நினைத்திருந்தார்கள்.

வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்கலாமா என்று இப்போது பல நாடுகளில் பேசப்படுகிறது. நம் இளைஞர்களும் இதைக் கேட்கிறார்கள். இதை விளங்கிக்கொள்ளும்போது அந்தப் பெண்ணையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

வெள்ளையர் ஆட்சியில் சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதி உள்ளவர்களுக்கே வாக்கு இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்று பாராமல் 21 வயதானவர்களுக்கு வாக்குரிமை தந்தது. ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, 61-வது திருத்தத்தின் மூலம் 326-வது பிரிவில் இருந்த 21 என்பது 18 ஆனது. 1989 மார்ச் 28 முதல் அது அமலுக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் 18 வயதினரும் வாக்களித்தார்கள்.

ஆஸ்திரியா 2007-இல் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியது. பிரிட்டன் அரசும் அவ்வாறு செய்யப்போவதாக 2025-இல் அறிவித்தது. வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும்போதே வாக்களித்துப் பழகினால் அந்தப் பழக்கம் நிலைக்கும் என்பது ஆதரிப்போர் வாதம். 16 வயதில் பெற்றோர், ஆசிரியர் சொல்வதே பிள்ளையின் வாக்காகிவிடும் என்பது மறுப்போர் வாதம். நம் நாட்டில் சொத்து எழுதிக் கொடுக்கவும் ஒப்பந்தம் செய்யவும் 18 வயது வேண்டும் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

மார்க்கத்தில் தொழுகையும் நோன்பும் கடமையாவதற்குப் பருவமடைதலே அளவு. ஆனால் அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் விஷயத்தில் அது மட்டும் போதாது. அவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும், பகுத்துணரும் பக்குவம், அதாவது ருஷ்து, தென்பட வேண்டும் என்று சூரத்துந் நிஸாவின் 6-வது வசனம் கூறுகிறது. பொதுக் காரியத்தை ஒப்படைக்கவும் இந்தப் பக்குவம் தேவை என்றே நாம் கருதுகிறோம். அதற்காக இளைஞர்களைக் குறைத்து எடைபோடவும் கூடாது. மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்கு, வயதில் மிக இளைய உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தளபதியாக நியமித்தார்கள்.

ஆகவே இப்போதுள்ள 18 வயதே பொருத்தமானது என்பது நமது கருத்து. நமக்குள்ள குறை வயதில் இல்லை, பதிவில்தான் இருக்கிறது. நம்மில் பலருக்கு உறவினர்கள் உள்ள மலேசியாவைப் பாருங்கள். அங்கே 2019-இல் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கச் சட்டம் நிறைவேற்றியபோது, தானாகவே பெயர் பதிவாகும் முறையையும் சேர்த்தார்கள். 2021 டிசம்பரில் இரண்டும் நடைமுறைக்கு வந்தன. இங்கே அப்படி இல்லை. நாம் விண்ணப்பித்தால்தான் பெயர் ஏறும். விண்ணப்பிக்காத வீட்டில் வயது 16 ஆனாலும் 18 ஆனாலும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை இவை:

17 வயது நிரம்பியவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எந்தத் தேதிக்குள் 18 நிரம்புகிறதோ, அதைக் கணக்கிட்டுப் பெயரைச் சேர்ப்பார்கள். கட்டணம் கிடையாது. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ போதும். முகவரிக்கு ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் கொடுக்கலாம். உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேளுங்கள்.

பெயரின் எழுத்தில் கவனம் வேண்டும். ஒரே பிள்ளைக்கு ஒரு சான்றில் முகமது, மற்றொன்றில் முஹம்மது என்று இருப்பது நம் வீடுகளில் சகஜம். முடிந்தவரை எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கட்டும்.

மணமாகி வேறு ஊர் சென்ற பெண்களும், வீடு மாறியவர்களும் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். மகன் பெயரைச் சேர்க்கும் நாளிலேயே மகள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

அந்தக் கல்லூரி மாணவிக்கு அடுத்த வாரமே படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்தலில் போடாத வாக்கு போனது போனதுதான். அடுத்த முறை நம் மஹல்லாவில் எந்தப் பிள்ளையும் அப்படித் திரும்பி வரக் கூடாது. உதவி தேவைப்படுவோர் சான்றுகளுடன் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து நிரப்பித் தருவோம்.