மேசைக்கும் பெட்டிக்கும் ஏற்ற கரும்பழுப்பு மரங்கள்

ஈராண்டுகட்கு முன், நமது ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் இளந்தச்சர் மூவர் கூடி, வங்கிக் கடன் பெற்றுப் பட்டறை ஒன்று தொடங்கினர். நகரத்துக் குடும்பம் ஒன்று அவர்களிடம் கரும்பழுப்பு நிறத்தில் உணவு மேசை ஒன்றும் நாற்காலிகள் ஆறும் செய்து தருமாறு கேட்டது. மரவாடியில் அடுக்கியிருந்த கருநிறப் பலகைகளைக் கண்டு, "நல்ல வைரம் பாய்ந்த மரம்" என்ற சொல்லையும் நம்பி, அவர்கள் வாங்கி வந்தனர். ஓராண்டு முடியுமுன்னரே நாற்காலிக் கால்களினின்றும் மாவு கொட்டலாயிற்று. மேசையில் சன்னலோரமாக இருந்த பகுதி வெளுத்துவிட்டது. வெண்மரத்தில் சாயம் ஏற்றிய பலகைகள் அவை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. மேசை திரும்பி வந்தது. கடன் தவணையோ நின்றபாடில்லை. அவர்களுடைய பட்டறைக்கு நாம் சென்று பார்த்தபோது எழுந்த எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மரத்திற்குக் கருநிறம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அடிமரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், வெளிவட்டம் வெளிறியும் நடுப்பகுதி கருத்தும் இருக்கும். வெளிறிய பகுதியே உயிருள்ள பகுதி. வேரிலிருந்து நீர் மேலேறுவதும், மாச்சத்துச் சேர்த்து வைக்கப்படுவதும் அங்கேதான். மரம் முதிர முதிர உட்பகுதி உயிரிழக்கிறது. அப்பொழுது அங்கே துவர்ப்புப் பொருள்களும் பிசின் வகைகளும் படிந்து நிறம் ஏறுகிறது. இதனையே நம் முன்னோர் வைரம் என்றனர். அப்பொருள்கள் பல பூச்சிக்கும் பூஞ்சணத்திற்கும் ஆகாதவை. ஆகையால் வைரம் உளுப்பது அரிது. வெளிறிலோ மாச்சத்து உண்டு. மாவாக்கும் வண்டுக்கு அதுவே விருந்து. எவ்வளவு உயர்ந்த சாதி மரமாயினும் அதன் வெளிறு வெளிறே. வாகையிலும் ஈட்டியிலும்கூட வெளிறு உண்டு என்பதைத் தச்சர்கள் மறக்கலாகாது.

கரும்பழுப்பு என்றவுடன் யாவர் நினைவிற்கும் வருவது ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வர். ஊதாச்சாயலும் கருங்கோடுகளும் விரவிய அதன் அழகிற்கு ஈடு காண்பது கடினம். இழைக்கும்போது இனிய மணம் எழும். உலர்ந்த தேக்கு கனமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம் எடையிருக்க, ஈட்டி ஏறத்தாழ 850 கிலோகிராம் இருக்கும். ஆனால் கிராமப் பட்டறைக்கு அதனை நாம் பரிந்துரைக்கப் போவதில்லை. இம்மரம் காடுகளில் மிகவும் அருகிவிட்டது. இதனைக் காப்பதற்கென்றே 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017-ஆம் ஆண்டு முதல் இவ்வினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிற்கும் உட்பட்டது. உரிய சீட்டு இல்லாத ஈட்டிக் கட்டையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், மரமும் போகும், வழக்கும் வரும். கருங்காலியோ பழுப்பன்று, கறுப்பு. மேசைக்கு வேண்டிய அளவில் கிடைப்பதுமில்லை. கருங்காலி மாலை மோகம் பரவியுள்ள இந்நாளில், சாயம் தோய்த்த மணிகளும் அப்பெயரில் விலைபோகின்றன என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்வோம்.

நம் ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது வாகை. வென்றவர் சூடிய பூவாக இலக்கியம் போற்றும் இம்மரத்தைச் சாலையோர நிழல் மரமாகவே பலரும் அறிவர். இதன் வைரம் பழுப்பு நிறமும் கருங்கோடுகளும் கொண்டு, மேல்நாட்டு வால்நட்டு மரத்தை ஒத்திருக்கும். 'கிழக்கிந்திய வால்நட்டு' என்று வணிகர்கள் இதற்குப் பெயரிட்டதும் அதனாலேயே. எடை ஏறக்குறையத் தேக்கினைப் போன்றது. குறைகளும் உண்டு. நார் முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடப்பதால், இழைப்புளி கூர்மையாக இல்லாவிடில் சிராய் பிடுங்கும். மரத்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் ஓயாது. வாய்க்கும் மூக்கிற்கும் துணி கட்டிக்கொண்டே அறுக்க வேண்டும். இளமரத்தில் பெரும்பகுதி வெளிறாகவே இருக்குமாதலால், முதிர்ந்த பருமரத்தையே தேர்தல் நன்று.

தூங்குமூஞ்சி மரத்தை விறகென்று தள்ளுவோர் அதன் நடுப்பகுதியை ஒருமுறை இழைத்துப் பார்க்க வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தின் வைரம் அழகிய சாக்லேட் நிறம். எடை குறைவு; அறுப்பதற்கும் இழைப்பதற்கும் எளிது; உலரும்போது அதிகம் சுருங்குவதில்லை. ஹவாய்த் தீவுகளில் இதனைக் கடைந்து செய்யும் கிண்ணங்கள் பெயர் பெற்றவை. அகன்ற மேசைப் பலகைக்கு நம் பக்கத்தில் இதைவிட மலிவான கரும்பழுப்பு மரம் கிடைக்குமா என்பது ஐயமே. வெளிறை மட்டும் ஒட்ட அறுத்து நீக்கிவிட வேண்டும்.

பூவரசு சிறிய மரம். ஆயினும் செம்பழுப்பு வைரமும் நெருங்கிய நாரும் உடையது. பெட்டி, முக்காலி, கடைசல் வேலைக்கு ஏற்றது. கருமருது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது. கருங்கோடுகளால் ஈட்டியோ என்று மயங்க வைக்கும். பொறுமையின்றி உலர்த்தினால் பிளந்துவிடும். நாட்டுக் கருவேலம் ஏருக்கும் வண்டிக்கும் பழகிய உறுதியான மரம். இழைத்தவுடன் சற்றே சிவந்து, நாளடைவில் கருக்கும். இதில் துவர்ப்பு மிகுதியாதலால் ஈரம் பட்ட இரும்பு ஆணியைச் சுற்றி மைபோல் கறை படியும். பித்தளைத் திருகாணியே பொருத்தம்.

சீமைக் கருவேலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இதனைக் கரிமூட்டம் போட்டே பழகிவிட்டோம். நீர்நிலைகளைக் கெடுக்கும் இம்மரத்தை அகற்றுவது அரசின் கொள்கை. அகற்றும் மரத்தில் தொடையளவு பருத்த கட்டைகளை மட்டும் பொறுக்கி வைத்தால், கரும்பழுப்பு வைரம் கிடைக்கும். உலரும்போது மிகச் சிறிதளவே சுருங்குவது இதன் தனிச்சிறப்பு. கோணலும் நீளக்குறைவும் உண்டு, மேசைக்கு ஆகாது. கைப்பிடி, உளிப்பிடி, சிறுபெட்டி, தரைக்குப் பதிக்கும் சிறுகட்டைகள் ஆகியவற்றிற்கு நன்கு பயன்படும்.

பழைய வீடுகளை இடிக்கும் இடங்களையும் தச்சர்கள் நாட வேண்டும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர், பழைய வீடுகளில் நெடுங்காலம் இருந்து உலர்ந்த ஆச்சா மரத்தையே தேடி வாங்குகின்றனர். அவர்கள் செய்யும் நாகசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய உத்திரத்தில் ஒளிந்திருக்கும் ஆணியைத் தேடி எடுக்காமல் அறுத்தால் வாள் முறியும், அவ்வளவே தொல்லை.

இனி வாங்கும் முறை. பலகையின் குறுக்குவெட்டு முகத்தைக் கேட்டுப் பாருங்கள். அங்கே சாயம் பூசியிருந்தால் ஒரு விரற்கடை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறைவான இடத்தில் ஒருமுறை இழைப்புளி ஓட்டினால், சாய மரத்தின் நிறம் சிராயோடு போய்விடும். வைரத்தின் நிறம் உள்ளேயும் அதுவே. எரிசாராயம் தோய்த்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் சில உண்மையான மரங்களும் சிறிது நிறம் விடுமாதலால், இழைத்துப் பார்ப்பதே முடிவான சோதனை. இழைத்த இடத்தைத் தண்ணீரால் நனைத்தால், மெருகிட்ட பின் வரக்கூடிய நிறம் ஏறத்தாழத் தெரியும். வேலைக்கு நாளிருந்தால், துண்டு ஒன்றின் பாதியைத் தாளால் மூடிச் சில வாரங்கள் வெயிலில் வையுங்கள். எந்த மரம் வெளுக்கும், எது கருக்கும் என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வாங்கிய மரத்தை உடனே வேலைக்கு எடுத்தல் கூடாது. நிழலில், பலகைக்குப் பலகை சிறு சட்டம் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி, முனைகளில் மெழுகு அல்லது வர்ணம் பூசி வைக்க வேண்டும். சிறு துண்டு ஒன்றை வாரந்தோறும் நிறுத்து வாருங்கள். எடை குறைவது நின்றபின் உளியை எடுக்கலாம். வெளிறு கலந்த பலகையைத் தவிர்க்க இயலாத இடத்தில், போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே பயன்படுத்துக.

மேற்சொன்ன இளைஞர் மூவரும் இப்பொழுது தூங்குமூஞ்சிப் பலகையில் வேலை செய்து வருகின்றனர். தெருவோரத்தில் நிற்கிறதே என்று அவர்கள் ஒரு மரத்தையும் தாமாக வெட்டுவதில்லை. புறம்போக்கு மரமும் சாலை மரமும் அரசுடைமை; மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் பெற்று, ஏலத்தில் விடப்படும்போதே எடுக்கலாம். புயலில் சாய்ந்த மரங்களின் ஏல அறிவிப்பை ஊராட்சி அலுவலகப் பலகையில் பார்த்து வருமாறு அவர்களிடம் கூறியுள்ளோம். பட்டா நிலத்து மரமாயினும், அது எவ்வகை மரம், வெட்டவும் கொண்டு செல்லவும் சீட்டு வேண்டுமா என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே விலை பேசுதல் வேண்டும்.