கான்பூர் சேணமும் செங்கல் சூளைக் குதிரையும்

புது தில்லி: ஜெர்மனியிலோ பிரிட்டனிலோ குதிரை வளர்ப்பவர் சேணம் வாங்குவதற்கு முன், அதைப் பயன்படுத்திப் பார்த்த பத்துப் பேரின் கருத்தை அறிந்துகொள்ள வழியுண்டு. அந்தச் சேணம் கான்பூரில் தைக்கப்பட்டதாகவும் இருக்கக்கூடும். 1860-களில் ஆங்கிலேயப் படைக்காக அங்கு தொடங்கப்பட்ட சேணத் தொழில், இன்று புவிசார் குறியீடு பெற்ற ஏற்றுமதித் தொழிலாகியிருக்கிறது. ஆனால், அதே உத்தரப் பிரதேசத்தில் சூளைக்குச் செங்கல் இழுக்கும் குதிரையின் முதுகில் பல இடங்களில் கிடப்பது பழைய சாக்கும் கயிறும்தான்.

வறுமை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. சாக்கு உராய்ந்து புண்ணானால் மருந்துச் செலவு ஒருபுறம், கூலி இழப்பு மறுபுறம். எந்தச் சேணம் உழைக்கும், எந்தக் களிம்பு ஆற்றும் என்று சொல்ல விற்பவரைத் தவிர வேறு ஆளில்லை. விற்பவர் எதைச் சொல்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தீவனத்திலும் இதே நிலைதான். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஒவ்வாத தீவனம் அதன் உயிருக்கே ஆபத்து. கோதுமைத் தவிட்டையே முதன்மைத் தீவனமாக நெடுநாள் கொடுத்தால், அதில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் சுண்ணாம்புச் சத்தின் சமநிலையைக் குலைத்து எலும்பைப் பலவீனப்படுத்திவிடும். தவிட்டு மூட்டையின் மீது இது எழுதப்பட்டிருப்பதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. மட்டக்குதிரை மீது 70 கிலோவுக்கு மேலும், கோவேறு கழுதை மீது 200 கிலோவுக்கு மேலும் சுமை ஏற்றக் கூடாது. முள் கடிவாளம் பயன்படுத்தக் கூடாது என்கின்றன 1965-ம் ஆண்டு விதிகள். ஆயினும் முள் கடிவாளங்களைத் தேடிப் பறிமுதல் செய்யும் வேலை தலைநகரிலேயே இந்த நூற்றாண்டிலும் நடந்தது!

2012 கணக்கெடுப்பில் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ல் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தேசிய கால்நடை இயக்கத்தைத் திருத்தி, குதிரை, கழுதை, ஒட்டகத் தொழில்முனைவோருக்கு ரூ. 50 லட்சம் வரை 50 சதவீத மூலதன மானியம் அறிவித்தது. மீதிப் பாதியைப் புரட்டக்கூடியவருக்குத்தான் அது பயன்படும். முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போகும் நிலமற்ற வண்டிக்காரருக்கு அல்ல.

அவர்களுக்கு உதவக்கூடிய முன்மாதிரி கிராமங்களிலேயே இருக்கிறது. 1934-ல் கெய்ரோவில் டோரதி புரூக் அம்மையார் தொடங்கிய குதிரை மருத்துவமனையிலிருந்து வளர்ந்தது 'புரூக்' அமைப்பு. அதன் இந்தியப் பிரிவின் துணையுடன் உத்தரப் பிரதேசத்தில் குதிரைக்காரர் குழுக்கள் உருவாயின. கூடிச் சேமிப்பது, தீவனத்தை மொத்தமாக வாங்குவது ஆகியவற்றோடு நிற்காமல், ஒருவர் குதிரையை மற்றவர்கள் சோதிக்கவும் செய்கிறார்கள். புண், குளம்பு, உடல் மெலிவு ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறப்புள்ளி இடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரிகிறது. அண்டை வீட்டார் எதிரில் சிவப்புப் புள்ளி வாங்குவதை யார்தான் விரும்புவார்?

குதிரைக்கு இடும் அதே புள்ளிகளைச் சேணத்துக்கும் லாடத்துக்கும் மருந்துக்கும், ஏன் லாடம் அடிப்பவருக்கும்கூட இடலாம். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் தீவனத்தையும் மருந்தையும் சோதித்துக் கொடுத்தால் அதற்கு வலுச் சேரும். நிபந்தனை ஒன்றுதான்: வியாபாரியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் எல்லாப் புள்ளிகளும் பச்சையாகிவிடும்.

ஆக்ரா மாவட்டத்தில் பட்டேஷ்வர் கால்நடைச் சந்தை ஐப்பசி, கார்த்திகையில் கூடுகிறது. செங்கல் பருவம் தொடங்குவதும் அதையொட்டித்தான். குதிரையும் சேணமும் கைமாறும் அந்தச் சந்தைக்கே நிறப்புள்ளி அட்டைகள் முதலில் போக வேண்டும்.