பொருந்தாமையைச் சொல்லும் சொற்கள்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஒரே பூவை அதன் பருவத்துக்கேற்ப அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பெயர்களால் அழைத்த மொழி நம்முடையது. அதுபோல, இரண்டு பொருள்கள் தம்முள் பொருந்தவில்லை என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு சொற்கூட்டமே உண்டு. டிஸ்கார்ட், டிஸொனன்ஸ், டிஸ்க்ரிபன்ஸி, இன்கம்பாட்டிபிள், டிஸென்ட் ஆகியன அவற்றுட் சில. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆங்கிலப் பாடநூல்களோடு கல்லூரிக்குள் நுழையும் என் போன்றோர்க்கு இவை அனைத்தும் 'முரண்பாடு' என்ற ஒரே பொருளில்தான் மனத்தில் பதிகின்றன. வேரைத் தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டுவது விளங்கும்.

மனமும் ஒலியும்

'டிஸ்' என்னும் இலத்தீன் முன்னொட்டு பிரிவைக் குறிக்கும். 'கார்' என்றால் இதயம். எனவே இதயங்கள் பிரிந்து நிற்பது டிஸ்கார்ட். வரப்புத் தகராறில் பங்காளிகள் ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்கிறார்களே, அந்த நிலைக்கு இச்சொல் மிகவும் பொருந்தும். இதற்கு எதிர்ச்சொல் கான்கார்ட். பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் ஒப்பந்தமிட்டுச் சேர்ந்து கட்டிய விமானத்தின் பெயரும் அதுவே. வேடிக்கை என்னவென்றால், அப்பெயரின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் எழுதும் 'ஈ' என்ற எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்பதிலேயே இரு நாட்டாருக்கும் பிணக்கு வந்தது! 1967-இல் பிரிட்டிஷ் அமைச்சர் டோனி பென் அவ்வெழுத்தை ஏற்ற பின்பே அது தீர்ந்தது.

டிஸொனன்ஸ் என்பது ஒலி பற்றியது. நம் ஆய்வுக்கூடத்துச் சோனாமீட்டரின் பெயரிலும், ரெஸொனன்ஸ் என்ற சொல்லிலும் உள்ள அதே வேர்தான் இதிலும் இருக்கிறது. 256, 260 அதிர்வெண் கொண்ட இரு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலித்தால் வினாடிக்கு 4 விம்மல்கள் கேட்கும். வேறுபாடு முப்பதை நெருங்கினால் விம்மல்களை எண்ண முடியாது; ஒலி கரகரப்பாகக் காதை உறுத்தும். இக்கரகரப்பே அபசுரத்துக்குக் காரணம் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தனித்தனியே கேட்டால் இரண்டு கவைகளும் இனிமையானவையே என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அளவும் இரத்தமும்

டிஸ்க்ரிபன்ஸி என்பது கணக்கிலோ அளவிலோ காணும் பொருந்தாமை. ஆய்வுக்கூடத்தில் விடை புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால், 'பிழை' என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ராலே பிரபு அப்படிச் செய்யவில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. வேறுபாடு ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குதான். திரும்பத் திரும்ப நிறுத்தும் அது மறையவில்லை. 1892-இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி மற்றவர்களிடம் விளக்கம் கேட்டார். 1894-இல் அவரும் ராம்சேயும் அந்தச் சிறு வேறுபாட்டுக்குள் ஒளிந்திருந்த ஆர்கான் என்னும் புதிய வாயுவைக் கண்டறிந்தனர். 1904-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு அளவுகளில் எதுவும் பிழையில்லை. காற்றில் நாம் அறியாத ஒன்று இருந்தது.

இன்கம்பாட்டிபிள் என்ற சொல்லின் வேர் 'சேர்ந்து துன்பம் தாங்குதல்' என்று பொருள்படும். சேர்ந்து வாழ இயலாதவை இன்கம்பாட்டிபிள். மருத்துவமனையில் இரத்தத்துக்கு இச்சொல்லைச் சொல்வார்கள். மனித இரத்தம் பல வகைப்படும் என்று கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் வெளியிட்டார். ஏ வகையும் நல்ல இரத்தம், பி வகையும் நல்ல இரத்தம். ஆனால் ஒன்றை மற்றவர் உடலில் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து.

கருத்து

இறுதியாக டிஸென்ட். இதன் வேருக்கு உணர்தல், கருதுதல் என்று பொருள். வேறாகக் கருதுவதே டிஸென்ட். நெருக்கடி நிலைக் காலத்தில், காவலில் வைக்கப்பட்டவர் உயர்நீதிமன்றத்தை அணுகி விடுதலை கேட்கலாமா என்ற வழக்கில், 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் நால்வர் 'கூடாது' என்றனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 1977-இல் தலைமை நீதிபதி பதவிக்கு அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் பதவி விலகினார். 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசக் கூடாது" என்று கேட்டே வளர்ந்தவன். நம்மில் பலரும் அப்படித்தான். அதனால் வகுப்பில் "ஐயா, இந்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை" என்று எழுந்து சொல்லவும் நாக்கு எழுவதில்லை. சொன்னால் சண்டை என்று எண்ணுவார்களோ என அஞ்சுகிறோம். டிஸென்ட்டையும் டிஸ்கார்ட்டையும் ஒரே பொருளில் படித்ததன் விளைவு இது. கருத்து வேறுபடும்போது இதயம் வேறுபட வேண்டியதில்லை என்பதை அவ்விரு சொற்களின் வேர்களே சொல்கின்றன.

ஆகவே நண்பர்களே, தேர்வுக்காக நாம் எழுதி வைக்கும் சொற்பட்டியலில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி வரி கொடுப்போம். பொருந்தாமை தென்படும்போது, குற்றம் யாருடையது என்று கேட்கும் முன், அது மனத்திலா, அளவிலா, கருத்திலா என்று பார்ப்போம். ஐயம் தோன்றினால் எழுந்து நின்று கேட்போம். நம் பேராசிரியர்கள் அதை மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள் என்பது என் நம்பிக்கை.